படுக்கை நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தை மீட்கும் முறை

இரவு 10 மணிக்கே படுத்து, 1 மணி வரை புரண்டு, நடுவில் நாலு தடவை கண்விழித்து, விடியும் நேரத்தில் கொஞ்சம் அயர்ந்து, அலாரம் அடித்ததும் எழுந்து ஓடுகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் சீக்கிரம் படுங்க." மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப்போன ஒருவருக்கு இதைவிடக் கெடுதலான யோசனை கிடையாது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டினால் கூடுவது விழித்துக் கிடக்கும் நேரம்தான்.

கொஞ்சம் மாவை அகலமான கல்லில் இழுத்துத் தேய்த்தால் தோசை முழுக்க ஓட்டை விழும். அதே மாவைச் சின்னதாக வார்த்தால் ஒரே சீராக வேகும். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தை எட்டரை மணி நேரப் படுக்கையில் தேய்ப்பதுதான் நாள்பட்ட தூக்கமின்மையில் நடப்பது. முதலில் படுக்கை நேரத்தைத் தூக்கத்தின் அளவுக்குச் சுருக்க வேண்டும். தூக்கம் இறுகிக் கெட்டியானதும் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, ஓர் அலாரம், ஆறு முதல் எட்டு வாரப் பொறுமை தேவை. முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே கடினமாக இருக்கும். இந்த முறை எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது. ஆகவே தொடங்குமுன் "யார் தொடங்கக்கூடாது" என்ற பகுதியை அவசியம் படியுங்கள்.

மனநல மருத்துவம் இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது

நீண்ட காலமாகத் தூக்கமின்மையை மனச்சோர்வின் வால் என்றே பார்த்தார்கள். மனச்சோர்வு தீர்ந்தால் தூக்கம் தானாக வரும், தனியாக வைத்தியம் வேண்டாம் என்ற கணக்கு. 2013-ல் வெளிவந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 நோய்ப்பகுப்பு அந்தக் கணக்கை மாற்றியது. வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பகல் வாழ்க்கையும் பாதிக்கப்பட்டால், கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தாலும் தூக்கமின்மையைத் தனி நோயாகவே குறித்துத் தனியாகவே கவனிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களை வைத்து நடந்த ஒயாசிஸ் ஆய்வு 2017-ல் வெளியானது. இணையவழித் தூக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தூக்கம் சீரானது. கூடவே, மற்றவர்கள் தமக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற சந்தேக எண்ணங்களும், இல்லாத குரல்கள் கேட்பது போன்ற அனுபவங்களும் குறைந்தன. 60 வயதைத் தாண்டிய, தூக்கமின்மை உள்ள 291 பேரை அமெரிக்காவில் மூன்று ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. தூக்கக் கல்வி மட்டும் பெற்றவர்களில் சுமார் 26 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் அறிதல்-நடத்தை முறையில் தூக்கச் சிகிச்சை பெற்றவர்களில் அது சுமார் 12 விழுக்காடு. மனச்சோர்வை வருமுன் பாதியாகக் குறைக்க வழி இருப்பது மனநலத் துறையில் அபூர்வம். நம் வீடுகளில் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பாட்டி, தாத்தாக்களை "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஓர் ஆய்வே போதும்.

இந்தச் சிகிச்சையில் பல பாகங்கள் உண்டு. எந்தப் பாகம் உண்மையில் வேலை செய்கிறது என்று 241 ஆய்வுகளைப் பிரித்து அலசிய கட்டுரை 2024-ல் வந்தது. பலன் தரும் பாகங்களில் முக்கியமாக நின்றவை படுக்கை நேரத்தைச் சுருக்குவது, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் என ஒதுக்குவது, தூக்கத்தைப் பற்றிய பயங்களைத் திருத்துவது ஆகியவை. எல்லாரும் முதலில் சொல்லும் அறிவுரைகளான இருட்டான அறை, வெதுவெதுப்பான பால், படுக்குமுன் கைப்பேசி வேண்டாம் என்பவை தனியாக நின்று பெரிய பலன் தரவில்லை. உடலைத் தளர்த்தும் பயிற்சிகளோ சிலருக்கு எதிராகவே வேலை செய்யக்கூடும் என்று தெரிந்தது. இதில் வியப்பில்லை. தூக்கத்தை வரவழைக்க வேண்டுமென்றே செய்யும் எந்தப் பயிற்சியும் "வந்ததா, வந்ததா" என்று பார்க்க வைக்கும். அந்தப் பார்வைதான் தூக்கத்தை விரட்டுவது.

சுருக்கும் முறை மட்டும் தனியே போதுமா? இங்கிலாந்தில் 35 குடும்ப மருத்துவ நிலையங்களில் 642 பேர் சேர்ந்த ஆய்வில், பாதிப் பேருக்குச் செவிலியர்கள் நான்கே அமர்வுகளில் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பிறகும் பலன் நின்றது. ஆகவே சிறப்பு நிபுணர் கிடைக்கும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. விதிகளைச் சரியாகக் கடைப்பிடிப்பதுதான் விஷயம்.

யார் தொடங்கக்கூடாது

இருதுருவ மனநோய் உள்ளவர்களும், முன்பு ஒரு தடவையாவது தூக்கமே தேவைப்படாமல் நாட்கணக்கில் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்தவர்களும் படுக்கை நேரத்தைத் தாமாகச் சுருக்கவே கூடாது. தூக்கம் குறைவது அவர்களுக்கு மனவெழுச்சியைக் கிளப்பிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி தடுமாறி விழும் முதியவர்கள், இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் இப்போது இருப்பவர்கள் ஆகியோரும் மருத்துவர் உடன் இருந்தால் மட்டுமே தொடங்க வேண்டும்.

வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் பகலில் கண் சொருகும், கவனம் மந்தமாகும். லாரி, பஸ், கிராப் ஓட்டுநர்கள், கிரேனோ அச்சு இயந்திரமோ இயக்குபவர்கள், விடியற்காலை இருட்டில் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரை மோட்டார்சைக்கிளில் கடப்பவர்கள் ஆகியோர் விடுப்பு எடுத்துத்தான் முதல் வாரங்களைத் தொடங்க வேண்டும். முடியாதென்றால், படுக்கை நேரத்தைச் சுருக்காமல், கீழே வரும் "படுக்கையை ஒதுக்குவது" பகுதியை மட்டும் செய்யுங்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பகல், இரவு என மாறி மாறி வேலை செய்பவர்களுக்கும் இதே யோசனைதான். எழும் நேரம் நிலையாக இல்லாதபோது இந்தக் கணக்குப் போட முடியாது.

பலத்த குறட்டையா? தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிப்பதை வீட்டார் பார்த்திருக்கிறார்களா? கழுத்துச் சுற்றளவு 40 செண்டிமீட்டருக்கு மேலா? ரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கிறதா? அப்படியானால் முதலில் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருந்து, எழுந்து நடந்தால் மட்டும் அடங்குகிறது என்றால் ரத்தத்தில் இரும்புச் சத்து இருப்பைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் படுக்கையைச் சுருக்கினால் பாடு மட்டும்தான் மிஞ்சும்.

முதல் வாரம்: எழுதுவது மட்டும்

ஏழு இரவுக்கு எதையும் மாற்றாதீர்கள். தினமும் காலை எழுந்து அரை மணி நேரத்துக்குள் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் இருக்க வேண்டியவை: படுக்கைக்குப் போன நேரம், தூக்கம் வர ஏறக்குறைய எவ்வளவு நேரமானது, நடுவில் மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், கடைசியாகக் கண்விழித்த நேரம், படுக்கையைவிட்டு எழுந்த நேரம். பகல் தூக்கம், தே தாரிக் அல்லது கோப்பி குடித்த நேரம், மது, மாத்திரை ஆகியவற்றையும் ஓரத்தில் குறியுங்கள்.

இரவில் மணி பார்த்து எழுதக்கூடாது. காலையில் தோன்றும் உத்தேசமே போதும். மணி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் "இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கு" என்ற கணக்கு மூளையை முழுக்க எழுப்பிவிடும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கைப்பேசி அலாரமாக மட்டும், கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கையில் கட்டும் ஸ்மார்ட் கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணை இந்த எட்டு வாரமும் பார்க்காதீர்கள். அசையாமல் விழித்துக் கிடப்பதை அது தூக்கமாக எண்ணிவிடும். மதிப்பெண் குறைந்த நாளில், நன்றாகத் தூங்கியவருக்கும் சோர்வு வந்துவிடும்.

கணக்கு

ஏழு இரவின் தூக்க நேரத்தைக் கூட்டி ஏழால் வகுத்தால் சராசரித் தூக்கம் கிடைக்கும். படுக்கையில் இருந்த நேரத்துக்கும் அப்படியே செய்யுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதைத் தூக்க விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்கர் தினமும் 10.30-க்குப் படுத்து 6.30-க்கு எழுகிறார் என்று கொள்ளுங்கள். படுக்கையில் 480 நிமிடம். ஏழு இரவில் அவர் தூங்கியது 300, 345, 270, 375, 330, 300, 320 நிமிடம். மொத்தம் 2,240. சராசரி 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம். 320-ஐ 480-ஆல் வகுத்தால் விகிதம் 67. நன்றாகத் தூங்குபவர்களுக்கு இது 85-க்கு மேல் இருக்கும்.

சராசரித் தூக்கத்தை அடுத்த கால் மணிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இவருக்கு 5 மணி 30 நிமிடம். இனி அவருடைய படுக்கை நேரம் அவ்வளவுதான். கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக்கூடாது. முதியவர்களும் ஏற்கெனவே பகலில் தூங்கி வழிபவர்களும் ஐந்தரைக்குக் கீழே போக வேண்டாம். "நான் ரெண்டு மணி நேரம்தான் தூங்குறேன்" என்று நம்பி இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்கள் தங்கள் தூக்கத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்களுடைய மூளை லேசான தூக்கத்தையும் விழிப்பாகவே உணர்கிறது.

அடுத்தது எழும் நேரம். முதலில் இதைத்தான் நிலைநிறுத்த வேண்டும். படுக்கும் நேரத்தை இதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வேலை நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரே நேரம். சூராவ் என்னும் தொழுகையிடத்தின் பக்கத்தில் குடியிருந்து விடியற்காலைச் சுபுஹ் பாங்குக்குத் தினமும் விழிப்பு வந்துவிடுகிறது என்றால், அதோடு சண்டை போடாமல் 6 மணியையே எழும் நேரமாக வைத்துக்கொள்வது நல்லது. 6 மணி என்றால் நம் கணக்கர் படுக்க வேண்டியது 12.30-க்கு. அதற்கு முன் கண் சொருகினாலும் படுக்கக்கூடாது. 12.30 ஆகியும் தூக்கக் கலக்கம் வரவில்லை என்றால் வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். எழுவது மட்டும் 6-க்கே.

படுக்கையை ஒதுக்குவது

1972-ல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் வகுத்த விதிகள் இவை. இன்றும் பெரிதாக மாறவில்லை. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். அதில் சாப்பிடக்கூடாது, பில் கட்டக்கூடாது, வாட்ஸ்அப் பார்க்கக்கூடாது, நாளைக்கு மேனேஜரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கவும் கூடாது. தூக்கம் கண்ணை அழுத்தும்போது மட்டும் படுக்க வேண்டும். ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றாலோ, எரிச்சல் எழத் தொடங்கினாலோ, எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சாதாரண வேலை செய்யலாம். துணி மடிக்கலாம், ஏற்கெனவே படித்த புத்தகத்தைப் புரட்டலாம். கண் கனத்ததும் திரும்பப் போங்கள். ஒரே இரவில் ஐந்தாறு தடவை இப்படி நடந்தாலும் பரவாயில்லை.

காரணம் எளிது. படுக்கையில் மாதக்கணக்கில் விழித்துக் கிடந்தவருக்குப் படுக்கையைப் பார்த்ததுமே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஹாலில் நாடகம் பார்க்கும்போது தலை சாய்ந்து தூங்குகிறவர், அறைக்குப் போய்ப் படுத்ததும் கண் பளிச்சென்று விழிப்பது இதனால்தான். அந்தப் பழக்கத்தை உடைக்க, விழிப்பையும் படுக்கையையும் பிரித்தே ஆக வேண்டும்.

சின்ன ஃபிளாட்டில் இது எளிதல்ல. ஹாலில் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், வெளியே வர இடமிருக்காது. அப்படியானால் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு அதில் நிமிர்ந்து உட்காருங்கள். அதற்கும் இடமில்லை என்றால் கட்டிலிலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து படிக்கலாம். கிடந்து போராடுவதை நிறுத்துவதுதான் நோக்கம். சமையலறைக்குப் போனால் பெரிய விளக்கைப் போடாதீர்கள். மறுபடி சாப்பிடத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் நள்ளிரவு 2 மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும் சாப்பிட்டால் வயிறு அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துவிடும்.

பகல்

பகல் தூக்கம் வேண்டாம். இரவுத் தூக்கத்துக்கான அழுத்தம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகிறது. மாலையில் போடும் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் அதில் நல்ல பங்கைக் கரைத்துவிடும். ஒரு விதிவிலக்கு: வாகனம் ஓட்டியாக வேண்டிய நிலையில் கண் சொருகினால் ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். உயிரைவிட இந்தக் கணக்குப் பெரிதல்ல.

கோப்பியும் தே தாரிக்கும் மதியம் 2 மணியோடு நிற்கட்டும். 400 மில்லிகிராம் கஃபீனைப் படுக்க ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. ராத்திரி 10 மணிக்கு மாமாக் கடையில் நண்பர்களோடு உட்காருவதை நிறுத்த வேண்டியதில்லை. 12.30 வரை விழித்திருக்க அது உதவவும் செய்யும். கஃபீன் இல்லாத எதையாவது ஆர்டர் பண்ணுங்கள். மது முதல் பாதி இரவை இழுத்துத் தூங்கவைத்து, பின்பாதியைத் துண்டு துண்டாக்கும்.

காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை நிறுத்திப் பிடிக்கும் ஆணி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சூரியன் எழுவது 7 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். 6 மணிக்கு எழுபவர் முதல் ஒரு மணி நேரம் இருட்டில் இருக்கிறார், மறுபடி சாய்ந்துகொள்ள மனம் இழுக்கும். எழுந்ததும் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். முகம் கழுவி, சாமி விளக்கேற்றி, வெளுத்ததும் இருபது முப்பது நிமிடம் வெளியே நடங்கள். தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கும் நிறுத்தத்திலிருந்து வாசல்வரை திறந்த வெளியில் நடப்பதும் கணக்கில் சேரும்.

மனம் ஓயாதபோது

இரவு 7.30 மணி வாக்கில், படுக்கையறைக்கு வெளியே, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மனத்தை அரிக்கும் விஷயங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடிய முதல் சின்னக் காரியம். "பிள்ளையின் பள்ளிக் கட்டணம்" என்பதற்கு எதிரே "நாளை 10 மணிக்குப் பள்ளி அலுவலகத்துக்குப் போன்" என்று இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று எழுதினால் மூளை அதை முடிந்த விஷயமாக ஏற்காது. எதுவும் செய்ய முடியாத கவலை என்றால் அதையும் அப்படியே எழுதி மடித்து வையுங்கள். செய்ய வேண்டியவற்றைப் படுக்குமுன் ஐந்து நிமிடம் எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கியதை 2018-ல் ஓர் ஆய்வுக்கூட ஆய்வு காட்டியது. எழுதிய பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

"இன்னிக்குத் தூங்கலைனா நாளைக்கு ஒண்ணுமே ஓடாது" என்ற எண்ணத்தைத் தாளில் எழுதிச் சோதித்துப் பாருங்கள். போன மாதம் தூங்காத இரவுகளுக்கு அடுத்த நாள் உண்மையில் என்ன நடந்தது? பெரும்பாலும் சிடுசிடுப்போடு என்றாலும் வேலை முடிந்திருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தளரும் இரவில்தான் தூக்கம் தானாக வரும்.

வாரக் கணக்கும் வழக்கமாகத் தவறும் இடங்களும்

ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் விகிதத்தைக் கணக்கிடுங்கள். 85 அல்லது அதற்கு மேல் என்றால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னே கொண்டுவாருங்கள். 80-க்கும் 85-க்கும் இடையில் என்றால் மாற்றம் இல்லை. 80-க்குக் கீழே என்றால் கால் மணி குறையுங்கள். ஐந்து மணி நேர எல்லையைத் தாண்டக்கூடாது. நம் கணக்கர் அடுத்த வாரம் 330 நிமிடப் படுக்கையில் சராசரி 290 நிமிடம் தூங்கினால் விகிதம் 88. படுக்கும் நேரம் 12.15 ஆகும். கவனியுங்கள், அவர் தூங்கியது முன்பைவிட அரை மணி நேரம் குறைவு. பலர் இங்கேதான் பயந்து கைவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் தூக்கத்தின் நீளத்தைப் பார்க்கக்கூடாது, அதன் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். நீளம் மூன்றாவது நான்காவது வாரத்திலிருந்து கூடும். கால் மணி கூட்டியும் தூக்கம் கூடாமல், பகலும் நன்றாக ஓடும் நிலை வந்தால் அதுதான் உங்கள் தேவை. எட்டு மணி நேரத்தைத் துரத்த வேண்டாம்.

இந்த முறை சறுக்குவது பெரும்பாலும் இரவு 8.30-க்கும் 10-க்கும் இடையில், சோஃபாவில். சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் சாய்ந்தால் நாற்பது நிமிடம் போய்விடும், நோட்டிலும் ஏறாது. அந்த நேரத்துக்கு நிமிர்ந்து உட்காரும் நாற்காலியும் கைக்கு ஒரு வேலையும் வேண்டும். பாத்திரம் கழுவுவது, துணி தேய்ப்பது, மறுநாளைக்குக் காய் நறுக்குவது, எதுவானாலும் சரி.

அடுத்த சறுக்கல் அன்பினால் வருவது. "பாவம், ராத்திரியெல்லாம் தூங்கல, இன்னும் கொஞ்சம் படுக்கட்டும்" என்று அம்மாவோ மனைவியோ அலாரத்தை அணைத்துவிடுவார்கள். தொடங்குமுன்பே வீட்டாரை உட்காரவைத்து, இது எட்டு வார வைத்தியம், எழுப்புவதுதான் நீங்கள் செய்யும் உதவி என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, வீட்டில் ஒருவர் எழுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட இடங்களில்தான் இரண்டாவது வாரம் தாண்டுகிறது.

தொடங்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவராத்திரி, தைப்பூசம் வரும் வாரங்கள் வேண்டாம். ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலைக்கோ, கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்கோ ராத்திரி நடையாகப் போகிறவர்கள் அது முடிந்தபின் தொடங்கலாம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ரமலானைத் தவிர்க்கட்டும். சஹூருக்கு எழுவதும் தராவீஹுக்குப் பின் படுப்பதும் எந்தக் கணக்கையும் கலைத்துவிடும். நடுவில் ஓர் இரவு கல்யாணமோ சாவோ வந்து கெட்டுப்போனால், மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். இழந்ததை ஈடுகட்டச் சீக்கிரம் படுக்காதீர்கள்.

மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால்

அல்பிரஸோலாம், டையஸிபாம், ஸோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை இந்த முறை தொடங்கும் உற்சாகத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள். பல மாதம் எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் பதற்றம், நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த முறையில் தூக்கம் கொஞ்சம் இறுகியபின் குறைக்கத் தொடங்கினால் குறைப்பது எளிதாகும். அதுவரை தினமும் அதே அளவு, அதே நேரம். தூக்கம் வராத இரவில் மட்டும் கூடுதலாக ஒன்று போடும் பழக்கம்தான் கெட்டது. சளி, அரிப்புக்கான பிரிட்டோன் மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதும் நம்மிடையே உண்டு. சில நாளிலேயே அதன் மயக்கம் குறைந்துவிடும். முதியவர்களுக்கு மறதியும் சிறுநீர் அடைப்பும் மிஞ்சும்.

மனச்சோர்வு மாத்திரைகளில் சில தூக்கத்தைக் கெடுக்கும், சில கூட்டும். காலையில் எடுக்கலாமா, இரவிலா என்று கேட்டு மாற்றிக்கொள்வதிலேயே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கே போவது

முதல் வாசல் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு வார நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "தூக்கம் வரல டாக்டர்" என்று மட்டும் சொன்னால் நாலு நிமிடத்தில் மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிடலாம். ஏழு வரிகளையும் 67 என்ற விகிதத்தையும் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவுக்கோ, சமூக மனநல மையமான மென்தாரிக்கோ போகலாம். மனநலப் பிரிவு என்றதும் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை ஞாபகம் வந்து வீட்டில் தயங்குவார்கள். தூக்கமின்மைக்கு யாரையும் படுக்கையில் சேர்ப்பதில்லை. வெளிநோயாளியாகப் போய்விட்டு வந்துவிடலாம்.

நடு ராத்திரியில் விழித்திருக்கும்போது செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்த நோட்டையும் கணக்கையும் ஓரம் வையுங்கள். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள். பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போலீஸ் வழக்கு ஆகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது.

எட்டு வாரம் முடிந்தபின் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை போவது, வீட்டில் ஒரு சாவு, பிரசவம் போன்ற ஏதாவது ஒன்றில் தூக்கம் மறுபடி கெடும். இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகவில்லை என்றால் ஒரு வாரம் எழுதி, கணக்குப் போட்டு, மறுபடி சுருக்குங்கள். இந்தத் தடவை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் போதும். முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த இரவு எப்படிப் போனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு எழுங்கள்.